ஏழு மணி ஷிஃப்ட்: தி கிளாஷ் தொகுப்புகளில் உழைப்பின் பாடல்கள்

தி கிளாஷ் 1976-இல் லண்டனில் உருவாகி 1986-இல் கலைந்துபோன பங்க் ராக் குழு. ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டாப்பர் ஹெடன் என்ற நால்வர் சேர்ந்திருந்த காலம்தான் அதன் பொற்காலம். குழு இருந்தவரை வெளிவந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் 6. கலைந்த பிறகு அந்த 6 ஆல்பங்களிலும் தனி இசைத்தட்டுகளிலும் இருந்து பாடல்களைப் பொறுக்கி எடுத்துத் தொகுப்பு மேல் தொகுப்பாக வந்தது. 1988-இல் 'தி ஸ்டோரி ஆஃப் தி கிளாஷ், வால்யூம் 1', 1991-இல் 'தி சிங்கிள்ஸ்', அதே ஆண்டில் 'கிளாஷ் ஆன் பிராட்வே', 2003-இல் 'தி எசென்ஷியல் கிளாஷ்', 2013-இல் 'ஹிட்ஸ் பேக்' ஆகியவை முக்கியமானவை.

தொகுப்பு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கேசட் காலத்தில் பிடித்த பாடல்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, 60 நிமிட, 90 நிமிட நாடாவில் பதிந்து வாங்காத வீடு குறைவு. அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எழுதியவரின் வயதையும் மனநிலையையும் சொல்லிவிடலாம். கடைக்காரரே தயாராகப் பதிந்து வைத்திருக்கும் 'ஹிட்ஸ்' கேசட் வேறு வகை. அதில் விற்கும் பாடல்தான் இருக்கும். ஒரு குழுவின் பெயரில் வரும் தொகுப்புகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. பாட்டை எழுதியவரோ ஆழ்ந்து கேட்டவரோ போட்ட பட்டியல் ஒன்று, விற்பனைக் கணக்கு போட்ட பட்டியல் இன்னொன்று. தி கிளாஷின் தொகுப்புகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதிலும் வேலையைப் பற்றிய பாடல்கள் எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை என்று தேடினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்ற சண்டை இந்தக் குழுவின் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 1977 ஏப்ரலில் முதல் ஆல்பம் வந்தது. அதிலிருந்து 'ரிமோட் கன்ட்ரோல்' என்ற பாடலைக் குழுவைக் கேட்காமலே சி.பி.எஸ். நிறுவனம் தனித்தட்டாக வெளியிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'கம்ப்ளீட் கன்ட்ரோல்'. நிறுவனம் தங்கள் பாட்டைத் தங்களிடம் சொல்லாமல் வெளியிட்டதையே அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜமைக்கா ரெகேயின் பெருங்கலைஞர் லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரி அதன் தயாரிப்பாளர். வெளியிட்டதும் அதே சி.பி.எஸ். தான். 1991-இன் 'தி சிங்கிள்ஸ்' தொகுப்பில் குற்றமும் குற்றச்சாட்டும் அடுத்தடுத்து 2-வது, 3-வது பாடல்களாக வருகின்றன. ஆண்டு வரிசைப்படி அடுக்கியதில் தானாக அமைந்த இடம் அது. ஆனாலும் ஒரு தொழில் தகராற்றின் கோப்பைப் புரட்டுவது போல அவற்றைக் கேட்க முடிகிறது.

தனித்தட்டாக வந்தவை மட்டுமே உள்ளே என்பது 'தி சிங்கிள்ஸ்' தொகுப்பின் விதி. அந்த 18 பாடல்களும் சுத்தமான வரிசை, நல்ல வேகம். குழுவைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு ஒரு மணி நேரத்தில் அறிமுகம் கிடைத்துவிடும். ஆனால் குழுவின் உழைப்புப் பாடல்கள் என்று சொல்லத்தக்க நான்கு உண்டு: 'கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்', 'கிளாம்ப்டவுன்', 'தி மேக்னிஃபிசன்ட் செவன்', 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. அந்த நான்கில் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' ஒன்றுதான் 1991 தொகுப்பில் இருக்கிறது. 1988-இன் இரட்டைத் தட்டில் 28 பாடல்கள். அதில் நான்கும் இருக்கின்றன. வரிசையும் வித்தியாசமானது. பிற்காலப் பாடல்கள் முதல் பாதியில், 1977-இன் கத்தலும் வேகமும் இரண்டாம் பாதியில். முதல் பாடலே 'தி மேக்னிஃபிசன்ட் செவன்'.

அந்தப் பாட்டு அலார மணியில் தொடங்குவது போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. காலை ஏழு மணி. எழுந்திருக்க வேண்டும், முகத்தைக் கழுவ வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து மதிய உணவு இடைவேளை, கடைவீதி, தொலைக்காட்சி, மறுபடியும் வேலை என்று ஒரு நாள் முழுவதும் ஓடுகிறது. 1980-இல் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் பதிந்தார்கள். அந்த நகரத்தில் அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த ராப்பைக் கேட்டு மயங்கிய மிக் ஜோன்ஸ் அந்தத் தாளத்தைக் குழுவுக்குள் கொண்டுவந்தார். பேஸ் கிடார் கலைஞரான சிமனன் ஒரு திரைப்பட வேலையாகப் போயிருந்ததால், வாசித்தவர் பிளாக்ஹெட்ஸ் குழுவின் நார்மன் வாட்-ராய். பாட்டின் உயிர் அந்த பேஸ் கிடாரில் இருக்கிறது. சில நொடி நீளமுள்ள ஒரே சொற்றொடர் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்ட்ரம்மரின் சொற்கள் அதன்மேல் எங்கெங்கோ அலைகின்றன, தடுமாறுகின்றன, சிரிக்கின்றன. அடியில் ஓடுவது மட்டும் நிற்பதில்லை. கன்வேயர் முன்னால் நின்றவருக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. மனம் எங்கு போனாலும் லைன் தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

தமிழில் வேலைப் பாட்டு என்றால் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் சுண்ணாம்பு இடிக்கும் பாட்டும் நினைவுக்கு வரும். அவை வேலை செய்துகொண்டே பாடப்பட்டவை. கையின் வேகத்தைப் பாட்டு தீர்மானித்தது. ஏற்றப்பாட்டில் இறைத்த சால் எத்தனை என்ற கணக்குகூட இருந்தது. தொழிற்சாலையில் அந்த உறவு முறிந்துபோகிறது. வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது. அதன் இரைச்சலில் பாட இடமில்லை, காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொள்ளவும் அனுமதி இல்லை. எனவே தொழிற்சாலையின் பாட்டு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் கேட்கும் பாட்டாக ஆகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் அதற்கென்றே ஓரிடம் உண்டு, கம்பெனி பஸ். விடியும் முன்பே வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் சாலைகளில் யூனிஃபார்ம் போட்டவர்கள் டிபன் பாக்ஸ் பையோடு நிற்பார்கள். முன் கண்ணாடியில் நிறுவனத்தின் பெயர் ஒட்டிய பஸ் வரும். ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் காதில் இயர்போன். எதிர்த்திசையில் நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸிலும் இதே காட்சிதான்.

1977-இன் 'கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் எந்தெந்த வேலைகளைக் காட்டுகிறது என்ற பட்டியலும், அவற்றில் ஒன்றும் வேண்டாம் என்ற மறுப்பும்தான் பாட்டு. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் உண்மையான ஓர் அனுபவம் உண்டு. மிக் ஜோன்ஸ் சமூகநல அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்தவர். கடித வெடிகுண்டு அச்சம் நிலவிய காலம் அது. வரும் தபால்களைப் பிரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. வேலை இல்லை என்பதைவிட, கிடைக்கிற வேலை ஆளை மதிக்கவில்லை என்பதுதான் அந்தப் பாட்டின் கோபம். 1980-இன் 'சாண்டினிஸ்டா!' ஆல்பத்தில் இதே பாட்டைச் சிறுவர்களைக் கொண்டு பாடவைத்தார்கள், குழுவோடு கீபோர்டு வாசித்த மிக்கி கலகரின் பிள்ளைகள் அவர்கள். பிஞ்சுக் குரலில் அந்தச் சொற்களைக் கேட்கும்போது மூலப் பாட்டில் இல்லாத ஒரு வருத்தம் வந்து சேர்கிறது. அடுத்த தலைமுறைக்கும் இதே பட்டியல்தான் நீளுமோ என்ற வருத்தம் அது. எந்தத் தொகுப்பிலாவது அந்த வடிவத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

'கிளாம்ப்டவுன்' 1979-இல் வந்த 'லண்டன் காலிங்' ஆல்பத்தில் இருக்கிறது. முதலில் சொற்களே இல்லாத இசைத்துண்டாக இருந்தபோது அதற்கு 'வொர்க்கிங் அண்ட் வெயிட்டிங்' என்று பெயர். தொழிற்சாலைக்குள் நுழையும் இளைஞன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறான், அடங்கிய பிறகு எப்படித் தனக்குக் கீழே உள்ளவரை அடக்கும் ஆளாகிறான் என்பதுதான் பாட்டின் கதை. முதலாளியைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் பாட்டுகள் ஏராளம். இந்தப் பாட்டு தொழிலாளியையும் பார்த்துப் பேசுகிறது. ஒரு படி உயர்ந்ததும் குரல் மாறிவிடுகிற சூப்பர்வைசர், பெர்மனன்ட் ஆனதும் கான்ட்ராக்ட் ஆளைப் பார்க்காமல் போகிற கூட்டாளி ஆகியோரை எந்த ஆலைப் பகுதியிலும் காணலாம்.

இந்த அக்கறை சொல்லோடு நிற்கவில்லை. 'லண்டன் காலிங்' இரட்டைத் தட்டு. அதை ஒற்றைத் தட்டின் விலையில் விற்க வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தது. அடுத்து வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டு, 36 பாடல்கள். அதையும் மலிவு விலையில் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பிரிட்டனில் முதல் 2,00,000 படிகளுக்கான ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். வாரக்கூலியில் இசைத்தட்டு வாங்குபவரை மனதில் வைத்து எடுத்த முடிவு இது. பின்னாளில் அவர்கள் பெயரில் வந்த விலையுயர்ந்த பெட்டித் தொகுப்புகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நான்காவது பாட்டுக்குத்தான் அதிக இடம் தர வேண்டும். 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' 1981 டிசம்பர் இறுதியில் எலெக்ட்ரிக் லேடியில் பதியப்பட்டது. 1982 மே மாதம் 'காம்பட் ராக்' ஆல்பத்தில் வந்தது. அடித்து நொறுக்கும் பங்க் தாளம் இதில் இல்லை. டாப்பர் ஹெடன் பிரேசிலின் போசா நோவா சாயலில் ஒரு தாளத்தை மெதுவாக உருட்டுகிறார். துண்டு சுற்றிய பாட்டிலால் பெரிய டிரம்மின் முகப்பில் ஸ்ட்ரம்மர் தட்டிய ஓசையும் அதில் கலந்திருக்கிறது. கிடாரோ தூரத்து வயலின் போல நீண்டு இழைகிறது. ஆலைகள் துருப்பிடித்து மூடிக் கிடக்கும் வட இங்கிலாந்தில் பாட்டு தொடங்குகிறது. அங்கே பிழைக்க வந்த வெளிநாட்டவரைப் பார்த்து ஊர் முகம் திருப்பிக்கொள்கிறது. அடுத்த பகுதியில் வியட்நாம் வருகிறது. போர் முடிந்து அமெரிக்க வீரன் கப்பலேறிவிட்டான், அவனுக்குப் பிறந்த குழந்தை அப்பாவைத் தேடுகிறது. அதற்கடுத்து நியூயார்க்கின் ஒரு சீரழிந்த பேட்டை. எங்கும் ஒரே பதில்தான்: உனக்கு இங்கே இடமில்லை.

பாட்டு எழுதப்பட்ட காலத்தில் வட இங்கிலாந்தின் ஆலைச் சாவுகள் புதிய காயங்கள். கான்செட் இரும்பாலை 1980-இல் மூடப்பட்டு 3,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், ஊரே அந்த ஆலையை நம்பித்தான் இருந்தது. ஒரகடத்தில் இதைக் கேட்பவருக்கு இன்னொரு ஆங்கிலேய ஊரின் பெயரும் நினைவுக்கு வரலாம், ரெடிச். அது இரும்பாலை நகரம் அல்ல. ஆனால் ராயல் என்ஃபீல்டு பிறந்த ஊர். அங்கிருந்த ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-உடன் இங்கிலாந்தில் அந்த வண்டியின் உற்பத்தியே நின்றுவிட்டது. 1955-இல் சென்னையில் வேர்விட்ட கிளைதான் பிழைத்தது. திருவொற்றியூரில் தொடங்கி, 2013-இல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் அது பரவியது. அங்கே துருப்பிடித்ததன் மறுபக்கம் இங்கே பெயின்ட் பூசப்பட்டு லைனில் நகர்கிறது. மறுபக்கத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, கைபேசி உற்பத்தியில் உலகின் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்து, வரிப் பிணக்குக்குப் பின் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். மிஞ்சியவர்களுக்கும் அன்று வேலை போனது. 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை.

விற்பனைப் பட்டியலில் இந்தப் பாட்டு பெரிய வெற்றி அல்ல. 1982 செப்டம்பரில் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' பாட்டோடு ஒரே தட்டின் இரு முகமாக வந்து பிரிட்டனில் 17-ஆம் இடம் வரை போனது. 1991-இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தின் தயவில் 'ஷுட் ஐ ஸ்டே' மறுபடி வெளியாகி முதலிடத்துக்கு ஏறியது. குழு கலைந்து ஐந்து ஆண்டுக்குப் பின் கிடைத்த அந்த இடம்தான் பிரிட்டனில் அதன் ஒரே முதலிடம். அந்த ஆண்டின் 'தி சிங்கிள்ஸ்' தொகுப்பில் அந்த முகம் இருக்கிறது, 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற மறுமுகம் இல்லை. 'கிளாஷ் ஆன் பிராட்வே' அதற்கு ஈடுகட்டியது. ஆல்பத்துக்காக ஐந்தரை நிமிடமாகச் சுருக்கப்பட்டிருந்த பாட்டின் ஏறக்குறைய ஏழு நிமிட முழு வடிவம் அதில்தான் முதலில் வெளிவந்தது. அந்தக் கூடுதல் நிமிடத்தில் புதிய செய்தி பெரிதாக இல்லை. ஆனால் அந்தத் தாளம் இன்னும் சற்று நேரம் உருள்கிறது. இந்தப் பாட்டுக்கு அது தேவையாகவும் இருக்கிறது.

பாட்டை உலகெங்கும் கொண்டுபோனது இவற்றில் எதுவும் அல்ல, ஒரு தமிழ்ப் பெண். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே யாழ்ப்பாணம் போனவர். போர்ச் சூழலில் குடும்பம் சிலகாலம் சென்னையிலும் இருந்தது. 1986-இல் அகதியாக மீண்டும் லண்டன். தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 2007-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தத் தாயின் பெயர்தான், 'கலா'. அமெரிக்க விசா கிடைக்காமல் இழுபறியான காலத்தில் அந்த ஆல்பம் பல நாடுகளில் பதியப்பட்டது, சென்னை அவற்றில் முக்கியமானது. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் அதிர்வது உறுமி. தெருவோரச் சாவு ஊர்வலத்திலும் கோயில் கொடையிலும் கேட்கும் அதே தோல் விம்மல் லண்டன் நடன அரங்குகளில் ஒலித்தது.

அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' முழுக்க முழுக்க 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் தொடக்க இசையின் மேல் கட்டப்பட்டது. இசைத் தயாரிப்பாளர் டிப்ளோ அதை எடுத்துச் சுழலவிட, மேலே மாதங்கி பாடுகிறார். பல்லவியில் சொற்களோடு துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. வந்தேறிகள் பணத்தைப் பறிக்கத்தான் வருகிறார்கள் என்ற பழியை வாங்கி, அதையே பாத்திரமாக அணிந்துகொண்டு பாடுகிற பாட்டு அது. ஸ்ட்ரம்மரின் பாட்டில் வெளிநாட்டவரைப் பற்றி ஆங்கிலேயர் ஒருவர் இரக்கத்தோடு பாடினார். 25 ஆண்டுக்குப் பின் அதே இசையின் மேல் ஏறி அந்த வெளிநாட்டவரே பேசுகிறார், இரக்கம் கேட்காமல். ஒரு பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மறுபிறப்பைக் காட்டுவது கடினம். பாட்டு 2008-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடத்தை எட்டியது. ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் ஒலித்தது. பாடலாசிரியர் பட்டியலில் அருள்பிரகாசம் என்ற பெயரோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் ஆகிய நால்வரின் பெயர்களும் நிற்கின்றன. ஸ்ட்ரம்மர் அதைக் கேட்கவில்லை. 2002 டிசம்பர் 22 அன்று 50 வயதில் இறந்துவிட்டார்.

அவர் இறந்தபோது தயாரிப்பில் இருந்த தொகுப்புதான் 'தி எசென்ஷியல் கிளாஷ்'. அவருக்கே காணிக்கையாக 2003-இல் வந்தது. 40-க்கும் மேற்பட்ட பாடல்கள். முந்தைய தொகுப்புகள் ஒதுக்கிவைத்த கடைசி ஆல்பத்திலிருந்தும் 'திஸ் இஸ் இங்கிலாந்து' பாட்டை எடுத்துச் சேர்த்தது அதன் நேர்மை. ஜோன்ஸும் ஹெடனும் விலக்கப்பட்ட பிறகு செய்த அந்த ஆல்பம் பலவீனமானது, ஆனால் இந்தப் பாட்டு அல்ல. வேலையின்மையும் அடிதடியும் குளிருமாக 1980-களின் நடுப்பகுதி இங்கிலாந்தை அது அப்படியே வைத்திருக்கிறது. உழைப்புப் பாடல்கள் நான்கென்றால் ஐந்தாவது இதுதான்.

2013-இன் 'ஹிட்ஸ் பேக்' வேறொரு வழியில் போனது. விற்பனைப் பட்டியலையும் ஆண்டு வரிசையையும் தள்ளிவைத்துவிட்டு, 1982 ஜூலையில் லண்டன் பிரிக்ஸ்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு ஸ்ட்ரம்மர் எழுதிவைத்திருந்த பாடல் வரிசையை எடுத்துக்கொண்டார்கள், மேலும் எட்டுப் பாடல்கள் சேர்த்தார்கள். மேடையேறும் முன் இன்றைய கூட்டத்துக்கு எதை எப்போது பாட வேண்டும் என்று பாடகர் போட்ட கணக்கு அது. ரெக்கார்டிங் கடைக்குக் கொண்டுபோன பட்டியலைப் போன்றது. அந்தப் பட்டியலில் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' இருக்கிறது, 'கரியர் ஆப்பர்ச்சுனிட்டீஸ்' இருக்கிறது, 'கிளாம்ப்டவுன்' இருக்கிறது. நிகழ்ச்சி முடிவை நெருங்கும் இடத்தில் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டை ஸ்ட்ரம்மர் வைத்திருக்கிறார். 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' அதற்கு அடுத்துதான் வருகிறது.